குடைக்கு அடியில் உப்பு

கடலும் உப்பளமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் கரையில் முன்பொரு காலம் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. அதன் உச்சியில் குறுக்காக ஓர் இரும்புக் கை. கையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பீங்கான். நடுவில், மற்ற இருவரையும்விடச் சற்று உயரத்தில், இன்னொரு பீங்கான். குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற உடம்பு மூவருக்கும். இடது முனையில் இருந்தவன் இடவன், வலது முனையில் இருந்தவன் வலவன், நடுவில் இருந்தவன் நடுவன். மூவர் தலையிலும் மின்கம்பிகள் போயின. கம்பிகளுக்குள் மின்சாரம் ஓடினான்.

மின்சாரத்துக்கு மண்மேல் அப்படி ஓர் ஆசை. ஊர் ஊராகப் போய் விளக்கெரிப்பான், மோட்டார் சுற்றுவான், மாவரைப்பான். கண் மட்டும் கீழேயே இருக்கும். அவனைக் கீழே விடாமல் வைத்திருப்பதுதான் பீங்கான்களின் வேலை. கம்பியைத் தலையில் சுமக்க வேண்டும். கம்பிக்குள் இருப்பவனுக்குக் கம்பத்தைத் தொட வழி கொடுக்கக் கூடாது. சுமப்பதை ஒரு மரக்கட்டைகூடச் செய்துவிடும். வழி கொடுக்காமல் இருப்பதற்குத்தான் பீங்கான்.

"என்னவே நடுவரே, கொஞ்சம் ஒதுங்கும்," என்று மின்சாரம் தினமும் கேட்பான். "ஒரே ஒரு எட்டு. கம்பத்தைப் பிடிச்சுட்டேன்னா சறுக்கிக்கிட்டுப் போய் மண்ணுல விழுந்துருவேன்."

"முடியாது."

"ஒரே ஒரு தடவை."

"முடியாது."

"உமக்கு இதைத் தவிர வேற வார்த்தையே தெரியாதா?"

"இந்த வேலைக்கு இந்த ஒரு வார்த்தை போதும்," என்பான் நடுவன்.

அவன் அப்படிச் சொல்லுவதற்குக் காரணம் இருந்தது. கம்பத்தில் ஆள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருக்கும். உப்பளத்தில் வேலை பார்க்கும் பூலம்மாள் விடிந்ததும் வந்து தன் தூக்குச்சட்டியை அதில்தான் மாட்டுவாள். மாட்டிவிட்டு, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, ஒற்றைக் காலில் நின்று, செருப்பைக் கழற்றுவாள். பிறகு பாத்தியில் இறங்குவாள். அவள் உள்ளங்கை பட்டதும் கம்பத்தில் ஒரு சின்ன அதிர்வு உண்டாகி இரும்பின் வழியே உச்சிவரை ஏறிவரும். அது வந்து சேர்ந்தால்தான் நடுவனுக்குப் பொழுது விடிந்தது மாதிரி. அந்தக் கைக்கும் மின்சாரத்துக்கும் இடையில் இருப்பது நான்தான் என்று நினைத்துக்கொள்வான். நினைக்க நினைக்க நெஞ்சு நிமிரும்.

பூலம்மாளோடு கூட வருகிறவள் செல்லக்கனி, அவள் புருஷனின் தங்கை. வாய் சும்மா இராது.

"ஏ மதினி, இந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடிக்காம ஒருநாளாவது அளத்துல கால வைப்பியா? எங்க அண்ணன் பாத்தா என்ன நெனைப்பான்?"

"உங்க அண்ணனைவிட இது ஆடாம நிக்குல்லா," என்பாள் பூலம்மாள்.

மேலே மூன்று பீங்கான்களும் சிரிப்பார்கள். இரும்புக் கை மட்டும் சிரிக்காது. அதற்குத் துரு பிடித்த முதுகு, எப்போதும் வலி.

கம்பிகள் புறப்படும் சப்ஸ்டேஷனில் ஒரு காவல்காரன் இருந்தான். பிரேக்கர் என்று பெயர். மின்சாரம் எங்காவது வழிதப்பி மண்ணில் குதித்தால் கதவைச் சாத்த வேண்டியது அவன் பொறுப்பு. ஆனால் அவனுக்குக் காது மந்தம். ஒருமுறை காற்றில் பறந்துவந்த பனையோலை ஒன்று கம்பிகளுக்கு நடுவே விழுந்து டமார் என்று வெடித்தபோது, கண்ணை மூடித் திறப்பதற்குள் கதவைச் சாத்தினான். சாத்தினால் ஆள் வந்து பார்த்துச் சொல்லும்வரை திறக்கவும் மாட்டான். அவ்வளவு கறார். ஆனால் சிணுங்கலும் முணுமுணுப்பும் அவன் காதில் ஏறாது.

"இரைச்சல்னா கேப்பான், கசிவுன்னா கேக்கமாட்டான்," என்று அவனைப் பற்றி வலவன் சொல்வதுண்டு.

அந்த வருஷம் கோடையில் ஒரு நாள் வானம் கறுத்தது. முதல் துளி விழுவதற்கு முன்பே பக்கத்துப் பனைமேல் இடி இறங்கியது. கம்பிகளில் வெறிபிடித்ததுபோல ஏதோ ஒன்று பாய்ந்து வந்து நடுவன் தலையில் மோதியது. இரும்புக் கை நடுங்கியது. இடவன் கண்ணை மூடிக்கொண்டான். மின்சாரம்கூடப் பயந்து போனான்.

நடுவன் பல்லைக் கடித்தான். "முடியாது," என்றான்.

வந்தது வந்த வழியே போயிற்று.

அன்றிலிருந்து நடுவனின் பேர் கம்பம் கம்பமாகப் பரவியது. காற்றடிக்கும்போது கம்பிகள் அவன் கதையைப் பாடின. கம்பியில் உட்காரும் மீன்கொத்திகள்கூட, "இவன்தான் இடியைத் தாங்கினவன்," என்று குஞ்சுகளுக்குக் காட்டின. நடுவனுக்கு அது பிடித்திருந்தது. இடியையே தாங்கியாயிற்று, இனிமேல் என்ன இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியதில் தப்பும் இல்லை. உண்மையிலேயே தாங்கினவன்தான்.

அப்போதுதான் உப்பு வந்தான்.

கொண்டல் காற்று அடித்த ஒரு பகலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி, கடல்பக்கமிருந்து வந்து நடுவனின் தோளில் இறங்கியது.

"அண்ணாச்சி, வணக்கம். இடியைத் தாங்கின அண்ணாச்சி நீங்கதானா?"

"ஆமா. நீ யாரு?"

"நான் உப்பு அண்ணாச்சி. ரொம்ப தூரம் பறந்து வந்துட்டேன். உங்க நிழல்ல கொஞ்சம் இருந்துட்டுப் போறேன். தொந்தரவுன்னா சொல்லுங்க, இப்பவே கிளம்பிருதேன்."

இவ்வளவு மரியாதையாகக் கேட்பவனை விரட்ட மனம் வருமா? அவனை இடியோடு வைத்துப் பார்த்தான் நடுவன். சிரிப்புத்தான் வந்தது.

"இருந்துட்டுப் போ," என்றான்.

மறுநாள் அவன் தம்பி வந்தான். அப்புறம் சித்தப்பா மக்கள் வந்தார்கள். ஒவ்வொருவனும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். பிறகு உப்பு லாரிகள் போகும் சாலையிலிருந்து புழுதி வந்தான். அவனுக்கு மரியாதை தெரியாது. "தள்ளு, தள்ளு," என்று ஏறி உட்கார்ந்தான். நடுவனுக்குச் சுருக்கென்றது.

"அவன் கொஞ்சம் முரடன் அண்ணாச்சி," என்று உப்பு சமாதானம் சொன்னான். "ஆனா அவன் இருந்தா எங்களுக்கு ஒரு பிடிமானம். காத்து வந்து தள்ளாது பாருங்க."

நடுவில் ஒருநாள் சட்டென்று மழை கொட்டிவிட்டு நின்றது. மேலே இருந்த உப்பையும் புழுதியையும் அடித்துக்கொண்டு போயிற்று. நடுவனின் மேல்தோல் புதிதாய்ச் சுட்டெடுத்ததுபோல மின்னியது. ஆனால் உப்பு விவரமானவன். மழை வரும் முன்னே தன் ஆட்களோடு குடைகளுக்கு அடியில் புகுந்துகொண்டான். அங்கே மழை எட்டாது. யார் கண்ணும் எட்டாது.

"இங்கேயே இருக்கோம் அண்ணாச்சி. உங்க மேனி அழகு கெடாம இருக்கும்லா."

இடவன் இதைப் பார்த்துவிட்டான். "என்னவே, அடிக்குடையில வெள்ளையா என்னமோ அப்பிக் கெடக்கு?"

"அதுவா? ஒண்ணுமில்ல. ஒதுங்க வந்த பயலுவ."

"எனக்கும் கொஞ்சம் அப்பியிருக்கு. எனக்கென்னமோ மனசு சரியில்ல. நம்ம வேலைக்கு அடிக்குடை சுத்தமா இருக்கணும்லா?"

"நீ இடி விழுந்தப்பக் கண்ணை மூடினவன். உனக்கு எதுலதான் பயமில்ல?"



ஆனால் பேச்சு முடிந்த பிறகும் நடுவனுக்குள் அது முடியவில்லை. வெயில் ஏறிய மத்தியானங்களில், காற்றும் நின்று, கம்பிகளும் தொய்ந்து கிடக்கும்போது, அவன் தன்னையே கேட்டுக்கொள்வான். இவர்களை இருக்கவிட்டது சரிதானா? சரியில்லை என்றால் ஏன் ஒன்றும் ஆகவில்லை? நேற்றும் மின்சாரம் கேட்டான், முடியாது என்றேன். இன்றும் கேட்டான், முடியாது என்றேன். என் சொல்லில் ஒரு பிசிறு உண்டா?

பிசிறு இல்லை. காய்ந்த உப்பு யாரையும் ஒன்றும் செய்வதில்லை.

"நாங்க எதாவது செஞ்சோமா அண்ணாச்சி?" என்று உப்பும் அவ்வப்போது கேட்பான்.

"இல்லையே," என்பான் நடுவன். அது உண்மையாக இருந்ததுதான் கஷ்டம்.

பனிக்காலத்துக்கு முன்னால் லைனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கம்பமாக ஏறிப் பீங்கான்களைத் துணியால் துடைப்பது அந்தக் கரையில் வழக்கம். அந்த வருஷமும் ஆட்கள் வந்தார்கள். ஏறியவன் சந்தியாகு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கொம்பையா. இருவருக்கும் ஒரே வயது, ஒரே வேலை, ஓயாத வாய்ச்சண்டை.

சந்தியாகு முதலில் இடவனைத் துடைத்தான். அடிக்குடைக்குள் விரலை விட்டுச் சுழற்றிச் சுழற்றித் துடைத்தான்.

"ஏ அய்யா, கூசுதுவே," என்று இடவன் நெளிந்தான். மற்ற இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு வலவன். அவன் தூங்குகிற குழந்தைபோலக் காட்டிக்கொண்டிருந்தான்.

நடுவன் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை அவனுடையது. இடியைத் தாங்கியவன் அடிக்குடையில் துணி போட்டுத் துடைக்கப்படுவதை எல்லாக் கம்பங்களும் பார்க்கும். துணி வெள்ளையாகத் திரும்பும். மீன்கொத்திகள் என்ன சொல்லும்? இடவன் என்ன சொல்லுவான்?

"அசையாம நில்லுங்க அண்ணாச்சி," என்று அடியிலிருந்து உப்பு மெதுவாகச் சொன்னான். "நல்லா வெயில்ல தலையக் காட்டுங்க."

நடுவன் தலையைக் காட்டினான். மழையில் கழுவிய மேல்தோல் கண்ணாடி மாதிரி ஒளிவிட்டது.

சந்தியாகு அண்ணாந்து பார்த்தான். நடுவனை எட்ட வேண்டுமென்றால் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறி, பெல்ட்டை அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும்.

"ஏல கொம்பையா, நடுவுல உள்ளது பளபளன்னு கெடக்குல. மழையே கழுவி வச்சிருக்கு."

"அப்போ மழைக்கு உன் சம்பளத்துல பாதியக் குடுத்துரு," என்றான் கொம்பையா. "எறங்கு. அந்தப் பக்கம் இன்னும் எத்தனை கம்பம் கெடக்கு."

சந்தியாகு இறங்கினான். நடுவனுக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் கொஞ்ச நேரம் இருந்தது. எதிலிருந்து தப்பித்தோம் என்ற கேள்வி அதற்குப் பிறகு வந்து, போகாமல் உட்கார்ந்துகொண்டது.

மார்கழி பிறந்தது.

ஒரு விடியற்காலை, கிழக்கு இன்னும் சாம்பல் நிறமாக இருக்கும்போது, பனி இறங்கினாள். அவளைப் போல மென்மையானவள் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை. மழை மாதிரி அடிக்கமாட்டாள், இடி மாதிரி மிரட்டமாட்டாள். தொடுவாள், அவ்வளவுதான். கம்பியைத் தொட்டாள். இரும்புக் கையின் முதுகைத் தொட்டாள். பீங்கான்களின் தலையைத் தொட்டாள். மழை எட்டாத அடிக்குடைக்குள்ளும் சத்தமில்லாமல் நுழைந்து, அங்கே கிடந்த உப்பைத் தொட்டாள்.

உப்பு கண் விழித்தான்.

நடுவன் திடுக்கிட்டான். இத்தனை மாதம் அடியில் பொடியாய்க் கிடந்தவர்கள் இப்போது பொடியாக இல்லை. கரைந்து, ஒருவரோடொருவர் கை கோத்து, அவன் அடிவயிறு முழுக்க ஈரப் பாயாக விரிந்துகொண்டிருந்தார்கள். புழுதி அந்த ஈரத்தைப் போகவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஏல, என்ன செய்யுத?"

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி," என்றான் உப்பு. குரலில் அதே மரியாதை. "தண்ணி பட்டா நான் இப்படித்தான். என் பிறவிக் குணம். நீங்க கேக்கவே இல்லியே."

மேலே மின்சாரம் மூக்கை உறிஞ்சினான். "நடுவரே, வழி தெரியுது."

"முடியாது," என்றான் நடுவன்.

வார்த்தை வெளியே வந்தது. ஆனால் அது வரும்போதே மின்சாரத்தின் ஒரு நூல், தலைமுடி கனம்கூட இல்லாத ஒரு நூல், ஈரத்தின்மேல் கால்வைத்து நடுவனின் உடம்பில் இறங்கத் தொடங்கியிருந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்தது. வாழ்நாளில் முதல்முறையாக நடுவன் முடியாது என்று சொல்லிக்கொண்டே விட்டுக்கொண்டிருந்தான்.

"என்னவே சத்தம்?" இடவன் பதறினான்.

"ஒண்ணுமில்ல."

"என் மேலயும்தான் பனி இருக்கு. நான் சத்தம் போடலியே?"

இரும்புக் கை முனகியது. "ஏ, சுருக்கு சுருக்குன்னு குத்துது எனக்கு. கம்பத்துக்குள்ள எறங்குது."

"காவல்காரன் என்ன செய்யுதான்?" என்று வலவன் விழித்துக்கொண்டு கேட்டான். அடுத்த நொடி அவனே தலையில் அடித்துக்கொண்டான். "அவன் செவிடுல்லா. இது கசிவு. இது அவனுக்குக் கேக்காது."

நடுவனுக்கு உடம்பு சுட்டது. இறங்கும் மின்சாரத்தின் சூட்டில் அடிக்குடையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் காய்ந்தது. ஆகா, காய்கிறது என்று ஒரு கணம் உயிர் வந்தது. காய்ந்த இடத்தில் வழி அறுந்தது. மின்சாரம் நின்றான், யோசித்தான், பிறகு அந்தக் குறுகிய வளையத்தைத் தாண்டிக் குதித்தான். குதித்த இடத்தில் ஒரு நீலப் பொறி. மறுபடியும் குதித்தான். மறுபடியும் பொறி. படபட, படபட. மின்சாரத்துக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. சிறு பிள்ளை வாய்க்காலைத் தாண்டுவதுபோல அங்கும் இங்கும் தாண்டினான். ஆனால் முழுசாக இறங்க அவனால் முடியவில்லை. அந்தக் காய்ந்த வளையம் ஒன்றுதான் இப்போது நடுவனிடம் மிச்சமிருந்த "முடியாது".

அப்போது வரப்பில் பேச்சுக் குரல் கேட்டது.

பூலம்மாளும் செல்லக்கனியும் வந்துகொண்டிருந்தார்கள். பூலம்மாள் கையில் தூக்குச்சட்டி. வரப்பு முழுக்க உப்புத்தண்ணீர். செருப்பு சதக் சதக்கென்றது.

நடுவனுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. போல்ட். தூக்குச்சட்டி. உள்ளங்கை. ஈரத்தில் ஒற்றைக் கால்.

"வராதே," என்று கத்தினான். அவனுடைய கத்தல் மனிதர்களுக்குப் படபடப்பாகத்தான் கேட்கும். இருந்த வலுவையெல்லாம் கூட்டிக் கத்தினான். பொறிகள் சிதறின.

செல்லக்கனி நின்றாள். "மதினி, என்ன சத்தம் அது? யாரோ கருவாடு வறுக்கிற மாதிரி?"

"பனிக்காலத்துல கம்பம் இப்படித்தான் மொனங்கும்," என்றாள் பூலம்மாள் நடந்துகொண்டே. "உங்க அண்ணன் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவல."

"நீலமா மினுங்குது பாரு."

"மினுங்கட்டும். சட்டி கனக்குது, மொதல்ல அதை மாட்டிருதேன்."

கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள் கைநீட்டும் தூரத்துக்கு நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, பதறாதீங்க," என்றான் உப்பு, காதோரமாக. "சத்தத்தைக் குறைங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும். நான் காஞ்சுருவேன், பழையபடி பொடியாயிருவேன். யாருக்கும் தெரியாது. நூலளவு கசிவுதான். அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாமக்கூடப் போகலாம். உங்க பேரு என்ன, மரியாதை என்ன. சும்மா இருந்தா எல்லாம் அடங்கிரும்."

எவ்வளவு இதமான குரல். எங்கேயோ கேட்ட குரல். காய்ந்த மத்தியானங்களில் தனக்குத் தானே பேசிக்கொண்டபோதெல்லாம் கேட்டது இதே குரல்தான் என்பது நடுவனுக்கு அப்போது தெரிந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை, அந்தக் கை வந்துகொண்டிருந்தது.

யோசி, என்று தனக்கே சொல்லிக்கொண்டான். சின்னச் சத்தம் காவல்காரனுக்குக் கேட்காது. பனையோலை விழுந்தபோது கேட்டது. இன்றைக்கு ஓலை இல்லை. நான் இருக்கிறேன்.

"பனி," என்று கூப்பிட்டான்.

"சொல்லு," என்றாள் பனி.

"அந்தக் காஞ்ச வளையத்தையும் தொடு."

பனி தயங்கினாள். "உன்கிட்ட மிச்சமிருக்கது அது ஒண்ணுதான். அதையும் தொட்டா மொத்தமா வந்துருவான். நீ இருக்கமாட்ட."

"தொடு."

இடவன் அலறினான். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இடியைத் தாங்கினவன் நீ. பனியில விழுந்தான்னு ஊரு சொல்லும்வே."

"ஆமா. பனியிலதான் விழுதேன். அதையும் ஊரு தெரிஞ்சுக்கட்டும்."

பிறகு அண்ணாந்து மின்சாரத்தைப் பார்த்தான். ஆயுசுக்கும் சொல்லாத வார்த்தையைச் சொன்னான்.

"வா."

மின்சாரம் நம்பவில்லை. "நெசமாவா சொல்லுதீரு?"

"நெசமாத்தான். அரைகுறையா வராத. மொத்தமா வா. இப்பவே வா."

பூலம்மாள் தூக்குச்சட்டியை உயர்த்தினாள். போல்ட்டுக்கும் சட்டியின் பிடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

பனி தொட்டாள்.

கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளைச் சூரியன் வெடித்தது. உப்பளத்துப் பாத்திகள் எல்லாம் ஒரு கணம் கண்ணாடியாயின. டமார் என்ற சத்தம் கடலில் போய் மோதித் திரும்பி வந்தது. நாரைகள் கூட்டமாய் எழுந்தன. அதே கணத்தில், வெகு தூரத்தில், காது மந்தமான காவல்காரனுக்கு ஒரு கூப்பாடு தெளிவாகக் கேட்டது. தடாலென்று கதவைச் சாத்தினான்.

கம்பிகள் வெறும் கம்பிகளாயின. கரை முழுவதும் மோட்டார்கள் ஓய்ந்தன.

வரப்பில் பூலம்மாள் பின்னால் விழுந்து உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டி உருண்டு, சோறு உப்புத்தண்ணீரில் கொட்டிக் கிடந்தது. செல்லக்கனி அவளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். 

"மதினி," என்றாள் செல்லக்கனி.

"ம்."

"இனிமே எங்க அண்ணனையே பிடிச்சுக்கோ."

பூலம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது.

வெயில் நன்றாக ஏறிய பிறகு சந்தியாகுவும் கொம்பையாவும் வந்தார்கள். நடுவனின் ஒரு பக்கம் முழுக்க வெடித்துச் சிதறியிருந்தது. சந்தியாகு அவனை அவிழ்த்துக் கயிற்றில் இறக்கினான். கொம்பையா திருப்பிப் பார்த்தான். மேல்தோல், மிச்சமிருந்த அளவுக்கு, அப்போதும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. அடிக்குடைக்குள் விரலை விட்டு எடுத்தான். விரல்நுனியை நாக்கில் வைத்தான்.

"உப்பு," என்றான்.

மேலே இருந்த சந்தியாகு துணியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இடவனையும் வலவனையும் அடியில் இன்னொரு முறை துடைத்தான். இந்தத் தடவை இடவன் கூசுகிறது என்று சொல்லவில்லை. நடுவனின் இடத்தில் ஒரு புதிய பீங்கானை வைத்துத் திருகினான். புதியவன் வெயிலில் தலையைக் காட்டினான். எல்லாக் கம்பங்களும் பார்த்தன.

உடைந்தவனைக் கம்பத்தின் அடியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். தலைகீழாகக் கிடந்தான். அவன் கூசி மறைத்துவைத்திருந்த அடிக்குடை இப்போது வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. கொஞ்ச நாளில் ஒரு மழை வந்தது. பிறந்தது முதல் மழையே படாத இடத்தில் முதல்முறையாகத் துளிகள் விழுந்தன. உப்பும் புழுதியும் கரைந்து வழிந்து மண்ணுக்குள் போனார்கள். மண்ணுக்குப் போக அவ்வளவு ஆசைப்பட்டவன் மின்சாரம். ஆனால் அங்கேயே தங்கிவிட்டது இவர்கள் என்று நினைத்து நடுவன் தனக்குள் சிரித்துக்கொண்டான்.

பூலம்மாள் கம்பத்தில் இப்போது சட்டியை மாட்டுவதில்லை. பக்கத்தில் ஒரு கம்பை ஊன்றி அதில் மாட்டினாள். செருப்பைக் கழற்றும்போது கை பழக்கத்தில் கம்பத்தைத் தேடும். பாதியில் நின்று திரும்பும். அந்தக் கை திரும்புவதைக் கீழே இருந்து பார்ப்பது, மேலே இருந்து அதன் அதிர்வை வாங்கியதைவிட நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள், மழை விட்டு வெயில் அடித்து, கொண்டல் காற்று மறுபடி எழுந்த மத்தியானத்தில், மேலே இருந்த புதியவன் குனிந்து கேட்டான்.

"கீழ கெடக்கவரே, நீர் இடி விழுந்தா உடைஞ்சீரு?"

"இல்ல. இடியை நான் தாங்கிட்டேன்."

"பின்ன எது உம்மை உடைச்சது?"

அப்போது கடல்பக்கமிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி பறந்துவந்து புதியவனின் தோளில் இறங்கியது.

"அண்ணாச்சி, வணக்கம். கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமா?"

"அதோ வந்துட்டான்," என்றான் நடுவன். "அவன்கிட்டயே கேளு. ரொம்ப மரியாதையாப் பேசுவான்."